ஈயத் தட்டும் என் வலது கையும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். நான் குடிப்பதில்லை. குடித்ததும் இல்லை. என் அத்தா குடித்ததில்லை, அவருடைய அத்தாவும் குடித்ததில்லை. இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களில் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களைவிட என் வாயை மோந்து பார்த்தவர்கள்தான் அதிகம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்களே என்று சண்டைக்கு வருவார்கள். இருந்தார்கள், அவர்களைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

என் பெயர் சுல்தான். தண்டையார்பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் மனைவி மைமூனோடும் ஒரே மகளோடும் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிற வேலை. கப்பல் தளத்தில் நின்றபடி, சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம் அது. இரண்டு கையிலும் இரண்டு பிடி இருக்கும். வலது கை ஒரு விரற்கடை தவறினால் கீழே நிற்கிறவன் தலையில் மூட்டை விழும். அதனால் என் வீட்டில் அடுப்பு எரிவது என் வலது கையால்தான் என்று சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை.

எல்லாம் ஆரம்பித்தது தேகப்பயிற்சியில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராயபுரத்தில் ஒரு பயிற்சிச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் கப்பல் வரும் நேரம் நம் இஷ்டத்தில் இல்லை. சில நாள் விடியற்காலை வேலை, சில நாள் உச்சி வெயிலில். நான் போகும்போது சாலை பூட்டியிருக்கும், திறந்திருக்கும்போது நான் கப்பலில் இருப்பேன். ஒரு நாள் நேரம் கெட்டுப் போய் நின்றதற்கு, "நெனச்ச நேரத்துக்கு வந்துகினு போறதுக்கு இது இன்னா டீக்கடையா?" என்று அங்கிருந்த வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டியதை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. அதில் என்ன சாமான் வைக்கலாம் என்று பார்த்ததில் எனக்குக் கிடைத்த பாடத்தை, இதே ஆசை உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் கர்லாக்கட்டை வாங்கினேன். நல்ல புளியங்கட்டை, கைக்கு அடக்கமான பிடி. தலைக்குப் பின்னால் சுழற்றிய முதல் சுற்றிலேயே கூரைத் தகரம் இடி விழுந்தாற்போல் அதிர்ந்தது. அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டு அழுதது, அதன் அம்மா என் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். கர்லாக்கட்டைக்குத் தலைக்கு மேல் வெட்டவெளி வேண்டும். வாங்கிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அடுத்தது ஸ்பிரிங். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இரண்டு கையாலும் இழுக்கிற சாமான். சீமைச் சரக்கு, ஆயுசுக்கும் உழைக்கும் என்றார் கடைக்காரர். எங்கள் கடற்காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாது போலும். முதல் மாசம் அது செய்த ஒரே வேலை என் நெஞ்சு முடியைப் பிடுங்கியதுதான். பிறகு துருவேறி ஒரு சுருள் அறுந்து முகவாயில் அடித்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது நான் முரட்டுத்தனமாக இழுத்துவிட்டேன் என்றார். இழுப்பதற்குத்தானே ஐயா அதை விற்றீர்கள் என்று கேட்டேன்.

இரும்பு டம்பெல் நல்ல சாமான்தான். ஆனால் ஒரு ஜோடி ஒரே எடைதான். உடம்பு தேறினால் அடுத்த ஜோடி வாங்க வேண்டும். சிமெண்டுத் தரையில் வைத்தால் கணீர் என்று தெருவுக்கே கேட்கும். கடைசியில், ஒரு கம்பியும் அதில் மாட்டிக் கழற்றுகிற தட்டுகளும்தான் வீட்டுக்கு ஏற்றது, பலம் கூடக் கூடத் தட்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கண்டுகொண்டேன். கம்பி கிடைத்தது. இரும்புத் தட்டு வார்க்கிற பட்டறைக்காரர்கள் ஒன்றிரண்டுக்கெல்லாம் அச்சு செய்ய மாட்டோம் என்று விரட்டிவிட்டார்கள்.

காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருக்கிற தேசப்பன் என் தோஸ்து. வலை தண்ணீரில் நேராக நிற்பதற்கு அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அவனே காய்ச்சி ஊற்றிக்கொள்வான். அவன்தான் வழி சொன்னான்.

"இரும்பு பின்னால இன்னாத்துக்கு பாய் ஓடிகினு கீற? ஈயத்துல ஊத்திக்க. அடுப்புல வச்சா சோறு வேவுற நேரத்துல கரைஞ்சிடும்."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஈயம் சின்னதாக இருக்கும், கனம் இருக்கும், துருப்பிடிக்காது, கீழே வைத்தால் பொத்தென்று மெத்தையில் விழுந்த மாதிரி அடங்கிவிடும். பழைய லாரி பாட்டரிகளைப் பிரித்துப் போட்ட ஈயம் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. முதல் தடவை தேசப்பன் குண்டு ஊற்றுகிற கரையிலேயே ஈர மணலில் பிஸ்கட் டப்பா மூடியை அழுத்திக் குழி செய்து ஊற்றினோம். அவன் எப்போதும் கடற்காற்றுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்வான். புகை கண்ணைக் கரிக்கும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த காரணம். எனக்கு அதுவும் தெரியாது.

தட்டுகள் பிரமாதமாக அமைந்தன. கை தேறத் தேற, பழைய தட்டை உருக்கிக் கூடக் கொஞ்சம் ஈயம் சேர்த்துப் பெரிதாக ஊற்றினேன். அத்தனை கனத்தை ஒவ்வொரு தடவையும் கரைக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் கொட்டாயிலேயே அடுப்பு மூட்டினேன். இங்கேதான் போலீஸ் வந்தது.

மதுவிலக்குக் காலம். எங்கள் பக்கத்தில் கொல்லையில் புகை தெரிந்தால் அது சாராயம் என்பது போலீஸ்காரர்களின் முடிவு. மயிலாப்பூரில் புகை தெரிந்தால் வெந்நீர், தண்டையார்பேட்டையில் புகை தெரிந்தால் சாராயம். ஒரு சாயங்காலம் இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"இன்னா பாய், காய்ச்சினு கீறியா?" என்றான் ஒருவன்.

"ஈயங்க. தேகப்பயிற்சிக்கு."

"நல்லா கத வுடற." சட்டியில் மூக்கை நீட்டிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடாத கோபத்தில் அடுப்பை எட்டி உதைத்துவிட்டுப் போனான். உருகிய ஈயம் தரையெல்லாம் ஓடியது. தெருவே வாசலில் கூடிவிட்டது. மைமூன் அன்று வெளியே தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு உருக்கும்போதெல்லாம் கதவைச் சாத்தினேன். தகர இடுக்குகளில் சாக்கைத் திணித்து, புகை ஒரு இழைகூட வெளியே போகாதபடி செய்தேன். அந்தப் புகை முழுக்க என் நெஞ்சுக்குள் போயிற்று. தட்டுகளின் ஓரத்தை உள்ளேயே உட்கார்ந்து அரத்தால் ராவினேன். பயிற்சி செய்கிறவர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை தின்பது வழக்கம். நான் பக்கத்திலேயே கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை கம்பியை இறக்கியதும் அதே சாம்பல் பூத்த கையால் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். உடம்புக்குத் தெம்பு என்று தின்ற கடலையோடு விஷமும் போயிற்று.

முதலில் அசதி. முகம் வெளுத்துவிட்டது என்றாள் மைமூன். பயிற்சி போதவில்லை போல என்று இன்னும் ஒரு தட்டைக் கூட்டினேன். பிறகு மலம் கட்டியது. பிறகு வயிற்றுவலி. ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவது மாதிரி தொப்புளைச் சுற்றி முறுக்கும். தலையணையை வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்து அழுத்தினால் மட்டும் கொஞ்சம் விடும். சுக்குக் கஷாயம், விளக்கெண்ணெய், தர்காவில் ஓதிய தண்ணீர் எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் விஞ்ச் அருகிலேயே சுருண்டு விழுந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வெளிநோயாளிகள் பெஞ்சில் காலையில் உட்கார்ந்தவன் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மைமூன் மடியில் மடங்கிக் கிடந்தேன். கூப்பிட்டதும் உள்ளே இருந்த இளம் டாக்டர் என்னைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"எங்க இருந்து வர்ற?"

"தண்டையார்பேட்டைங்க."

"என்ன வேலை?"

"ஆர்பர்ல விஞ்ச் ஓட்டறங்க."

"எப்ப குடிச்ச?"

நான் குடிப்பதில்லை என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நான் முஸ்லிம், எங்களுக்கு அது ஹராம் என்றேன். "ஜெயில்ல போய்ப் பாரு, உங்க ஆளுங்க எத்தனை பேர் சாராயக் கேஸ்ல இருக்காங்கன்னு," என்றார். என்னை வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு, மைமூனைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாமல் உண்மையைச் சொல் என்றாராம். அவள் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவள் அல்ல. "எம் புருஷன் குடிச்சா மொதல்ல எனக்குத்தான் நாறும், ஒங்களுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வார்டு நீளமான கூடம். கூரை உயரத்தில், ஜன்னல் உயரத்தில், டாக்டர் அதைவிட உயரத்தில். காலையில் பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வருவார். கட்டிலுக்குக் கட்டில் நிற்பார். என் கட்டிலில், இளம் டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கப்பல்காரனுக்கு ஆல்கஹால் என்ற சொல் தெரியும்.

சிறுநீர், மலம், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். வயிற்றைப் படம் பிடித்தார்கள். எனிமா கொடுத்தார்கள், ஆசனவாய் வழியாகச் சோப்புத் தண்ணீரை ஏற்றிக் குடலைக் கழுவுவது. வெட்கத்தை விட்டால் நல்ல காரியம்தான். ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை, குடல் அடைப்பாக இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஏகாம்பரம். வியாசர்பாடி, மில் தொழிலாளி. எனக்கு அடுத்த நாள் வந்தார். வயிற்றில் வலது பக்கம் அடியில் வலி. என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை.

"ஆமாங்க, குடிப்பேன். சம்பளத்தன்னைக்கு. ஆனா இந்த வலி அந்த வலி இல்லீங்க."

அவ்வளவுதான், அவர் கேஸ் முடிந்தது. ஒரு வெள்ளைக் கலவை மருந்து மூன்று வேளையும் வந்தது. அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீ குடிக்கலன்னு சொல்லி மாட்டிகின, நான் குடிச்சேன்னு சொல்லி மாட்டிகினேன். இன்னா சொன்னாலும் அவங்களுக்கு ஒரே பதிலு பாய்."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. என்னையும் அவரையும் ஒரே தராசில் போட்டார்களே என்றுதான் வயிறு எரிந்தது. அவர் குடித்தவர், நான் குடிக்காதவன், இது தெரியாதா இந்தப் படித்தவர்களுக்கு என்று மைமூனிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலை தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன். முழங்கை போயிற்று, மணிக்கட்டு வரவில்லை. கை, நனைந்த துணி கொடியில் தொங்குவது மாதிரி மணிக்கட்டிலிருந்து தொங்கியது. வலி இல்லை, மரத்துப் போகவுமில்லை. தூக்கு என்று சொல்கிறேன், தூக்க மாட்டேன் என்கிறது. வயிற்றுவலியில் ஒரு தடவைகூட அழாதவன் அன்று அழுதேன். இந்தக் கை இல்லாவிட்டால் விஞ்ச் இல்லை. விஞ்ச் இல்லாவிட்டால் என் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது?

இளம் டாக்டர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தியே வந்தது. குடித்துவிட்டு நினைவில்லாமல் கையை உடம்புக்கு அடியில் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு மேற்கையில் ஓடுகிற நரம்பு நசுங்கி இப்படி மணிக்கட்டு விழுமாம். "இப்பவாவது ஒத்துக்கிறியா?" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எட்டு பேர் பார்க்கப் படுத்திருக்கிறவன் எங்கே போய்க் குடித்தேன் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. உன் மனைவி பாத்திரத்தில் என்ன கொண்டுவருகிறாள் என்று யார் கண்டார்கள் என்றார். அன்று மத்தியானம் மைமூன் கொண்டுவந்த கஞ்சித் தூக்கை வாசலில் திறந்து மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கஞ்சியை எனக்கு ஊட்டிவிட்டாள், வாயைத் துடைத்துவிட்டாள், போய்விட்டாள். ஒரு கையை வைத்துக்கொண்டு லுங்கியை முடிந்துகொள்ள நான் பட்ட பாட்டைப் பார்த்து, தன் வயிற்றைப் பிடித்தபடி ஏகாம்பரம் எழுந்து வந்து முடிந்துவிட்டார். "வுடு பாய், கை வந்துரும்," என்றார். நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

துறைமுகத்திலும் சேதி பரவிவிட்டது. சுல்தான் பாய் திருட்டுச் சாராயம் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டான், கையும் விழுந்துவிட்டது. மதுவிலக்குக் காலத்தில் இந்தப் பேச்சு போதும், ஒருத்தன் வேலையைப் பறிக்க.

இந்த நேரத்தில் இளம் டாக்டர் லீவில் போக, அவர் இடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த வார்டில் ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வயித்தை அமுக்கினா வலி ஜாஸ்தியாகுதா, கம்மியாகுதா?"

"கம்மியாவுதுங்க. சுகமா கீது."

அவர் புருவத்தைச் சுருக்கினார். வயிற்றுக்குள் புண்ணோ சீழோ இருந்தால் அமுக்கும்போது உயிர் போகும், சுகமாக இருக்காது என்று பிறகு எனக்கு விளக்கினார். என் கீழுதட்டை விரலால் இழுத்து ஈறைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

"அச்சாபீஸ்ல வேலை செஞ்சீங்களா? பெயிண்ட் அடிப்பீங்களா?"

"இல்லீங்க, ஆர்பர்."

"சரி. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

எத்தனையோ பேர் என்னிடம் என்னவெல்லாமோ கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. கர்லாக்கட்டையில் ஆரம்பித்துச் சொன்னேன். ஈயம் என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். பாட்டரி ஈயமா, மூடிய கொட்டாயிலா, கையைக் கழுவாமல் கடலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்றும் கேட்டார். போலீஸ் வந்ததைச் சொன்னேன். அவருக்கும் கோபம் வந்தது என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடி கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மை பேனாவால் கீறினாற்போல் கருநீலக் கோடு. ஈயம் உடம்பில் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் அதுவாம். ரத்தத்தை மறுபடி எடுத்துப் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சிவப்பு அணுக்களில் மை தெளித்தது மாதிரி புள்ளிகள் இருந்தனவாம். ஈயம் குடலை முறுக்கும், ரத்தத்தை வெளுக்கும், அதிகம் உழைக்கிற கையின் நரம்பைப் பிடிக்கும். என் வலது கை விழுந்தது அதனால்தான். குடலில் அடைப்பு கிடையாது, கத்தி வேண்டாம் என்றார். அல்லாவுக்கு நன்றி சொன்னேன், அந்த அம்மாவுக்கும் சொன்னேன். மைமூனையும் மகளையும் வரச்சொல்லி அவர்கள் ஈறையும் பார்த்தார். கொட்டாய்ப் பக்கம் அவர்கள் வராததால் கோடு இல்லை. அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நரம்பில் சுண்ணாம்புச் சத்து ஊசி. ஏறும்போது தொண்டையிலிருந்து கால்வரை வெந்நீர் ஓடுவது மாதிரி இருக்கும், முறுக்கு அப்படியே தளரும். நிறையப் பால். கையைக் கீழே தொங்கவிட்டால் தசை நீண்டு கெட்டுவிடும் என்று, மணிக்கட்டை மேலே நிமிர்த்தி ஒரு மரச்சட்டத்தில் வைத்துக் கட்டினார்கள். கை வருமா என்று கேட்டேன். "வரும்னுதான் நெனைக்கிறேன். மாசக்கணக்கா ஆகும். சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.

என் விஷயம் தெளிந்ததும் எனக்கு ராஜ மரியாதை. கஞ்சித் தூக்கை யாரும் மோந்து பார்க்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஏகாம்பரத்துக்கு அதே வெள்ளை மருந்துதான். அவருக்கு வலது அடிவயிற்றில் போர்வை பட்டால்கூட வலித்தது. காலை மடக்கியே படுத்திருந்தார். ஜுரம் ஏறியது. எனக்குத்தான் இப்போது பாடம் தெரியுமே, அமுக்கினால் வலித்தால் உள்ளே புண் என்று. லேடி டாக்டரிடம் சொன்னேன். ஏகாம்பரம் வேறு டாக்டரின் பொறுப்பில் இருக்கிறவர் என்றார். இருந்தாலும் போய்த் தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது, வேகமாக வெளியே போனார். அவர் பெரிய டாக்டரிடமே சொன்னதாகவும், குடிகாரன் வயிறு அப்படித்தான் இருக்கும், காலையில் பார்ப்போம் என்று பதில் வந்ததாகவும் வார்டு ஆயா பிறகு சொன்னாள்.

காலையில் அவருக்கு வலி நின்றுவிட்டது. "பாய், வலியே இல்ல," என்றார் ஏகாம்பரம். கண் உள்ளே போயிருந்தது, வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. அப்போதுதான் ஓடினார்கள், தள்ளுவண்டி கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவியிருந்ததாம். குடல்வால் என்பது பெருங்குடலின் முனையில் விரல் மாதிரி தொங்குகிற ஒரு துண்டு. வீங்கின உடனே வெட்டி எறிந்தால் மனிதன் பிழைத்துவிடுவான். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி வந்து தூக்குப் பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் என்ன சொல்வேன், என் லுங்கியை முடிந்துவிட்டவர் என்றா?

நான் வீடு திரும்பினேன். லேடி டாக்டர் துறைமுகத்துக்குப் பேசி, இது ஈய விஷம், குடி இல்லை என்று சொன்னதால் வேலை போகவில்லை. கை வரும்வரை சரக்கு எண்ணுகிற இடத்தில் உட்கார்த்தினார்கள். ஈயத் தட்டுகளைத் தேசப்பன் தன் கட்டுமரத்தில் ஏற்றிப் போய் ஆழக்கடலில் போட்டுவிட்டு வந்தான். தன் குண்டுகளை இனிமேலும் காற்றில்தான் ஊற்றுவேன், கை கழுவித்தான் சோறு தின்பேன் என்றான். பழைய பாய்மரக் கித்தானில் அவனே பைகள் தைத்துக் கொடுத்தான். அவற்றில் கடல் மணலை நிரப்பிக் கட்டிக்கொண்டேன். பலம் கூடினால் ஒரு படி மணல் கூடப் போட்டால் போதும். சத்தம் இல்லை, துரு இல்லை, அடுப்பு வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம். வீட்டில் பயிற்சி செய்ய நினைக்கிறவர்கள் வேறெதையும் தேடி அலைய வேண்டாம் என்பேன். இடது கைக்கு அதில்தான் பயிற்சி. வலது கைக்கு லேடி டாக்டர் சொன்னபடி, தினமும் கொஞ்ச நேரம் கட்டை அவிழ்த்து, மேசையில் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டை மேலே தூக்குவதாக நினைப்பது. நினைப்பதுதான், அசையாது. தினமும் நினைத்தேன்.

ஒரு நாள் நடுவிரல் அசைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கட்டு. மைமூன் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

சட்டத்தை ஒரேயடியாகக் கழற்ற ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். லேடி டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். சட்டத்தைக் கழற்றியதும் பெரிய டாக்டர் என்னைப் பழைய வார்டுக்கே கூட்டிப் போய், மாணவர்கள் நடுவில் நிறுத்தினார். என் உதட்டை இழுத்துக் காட்டினார், கோடு மங்கியிருப்பதைச் சொன்னார், ஈய விஷத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். தானே கண்டுபிடித்தது மாதிரிதான் இருந்தது. பிறகு, "கையைத் தூக்கிக் காட்டுப்பா," என்றார்.

தூக்கினேன். மணிக்கட்டு நிமிர்ந்து, விரல்கள் கூரையைப் பார்த்து நின்றன. மாணவர்கள் கை தட்டினார்கள். பெரிய டாக்டர் என் தோளில் தட்டினார்.

"நல்லவேளை, நீ குடிக்காதவனாப் போனே. குடிகாரனா இருந்திருந்தா நாங்க இதை யோசிச்சிருக்கவே மாட்டோம்."

அவர் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். தூக்கிய கையை அப்படியே நீட்டி, ஏகாம்பரம் கிடந்த கட்டிலைக் காட்டினேன்.

"அந்தக் கட்டில்ல இருந்தவரு குடிச்சவருதான் ஐயா. ஒளிக்காம ஒங்ககிட்டயே சொன்னாரு. குடிச்சவனுக்குக் கொடல்வாலு வெடிக்காதா?"

மாணவர்கள் எல்லாரும் அந்தக் கட்டிலைப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் பார்க்கவில்லை.

"சரி, சரி. கையைக் கீழே போடு," என்றார்.

நான் போடவில்லை.